பிரான்ஸ் பாயின் வெந்நீர்க் கூடம்

எங்கள் உச்சிப்புளியில் பிரான்ஸ் பாய் சோதனை போடாத பையே கிடையாது. பெருநாளைக்கு அவர் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் வாசலில் நிற்பார். "பையத் தொறங்க தம்பி." நோன்புக் கஞ்சி வாங்கிப் போகிற தூக்குவாளியைக்கூடக் கரண்டியால் கலக்கிப் பார்த்துத்தான் அனுப்புவார்.

மனுஷரைக் குறை சொல்ல முடியாது. பிரான்சில் ஏதோ ஒரு சின்ன ஊரில் ரோமானியர் காலத்து வெந்நீர்க் குளியல் கூடம் இடிந்து கிடக்கிறதாம். அதற்குப் பல வருஷம் இவர்தான் காவல். பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் ஞாபகார்த்தமாக ஆளுக்கொரு செங்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார்களாம். அந்த வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டார், சந்தேகத்தை மட்டும் விடவில்லை.

போன வருஷம் நான் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டினேன். ஒரு மூலையில் கரி படிந்த பழைய செங்கல் சுவர் தலைகாட்டியது. சேதி கேட்டு பாய் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து குழிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"கடப்பாறையக் கீழ போடுங்கப்பா. இது குளிக்கிற எடம். அங்கனயும் இப்படித்தான், கீழ நெருப்பு, மேல சுடுதண்ணி."

"நம்ம ஊரு வெயிலுக்கு எவனுக்கு பாய் சுடுதண்ணி வேணும்?"

"அதான் எனக்கும் சந்தேகமா இருக்கு."

வேலை நின்றது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் நெருக்க, என் மனைவி என்னை நெருக்கினாள். பாயோ கொத்தனாரின் சாந்துச் சட்டியைத் துழாவினார். குழிக்குள் இறங்கிய ஆட்டைப் பிடித்து, "வாய்க்குள்ள என்னமோ ஒளிச்சிருக்கு" என்று அதன் தாடையைத் திறக்கப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் ராமநாதபுரத்திலிருந்து விவரம் தெரிந்த அதிகாரி ஒருவரை அழைத்து வந்தேன். அவர் குழியில் இறங்கிப் பார்த்தார்.

"சுண்ணாம்புக் காளவாய் சார். பவளப்பாறைக் கல்லச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்திருக்காங்க. ரொம்பப் பழசும் இல்ல, இடிச்சிட்டுக் கட்டுங்க."

பாய் அவர் பையையும் திறந்து பார்த்தார். டிபன் பாக்ஸ்தான் இருந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த பெருநாளைக்கு அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பையோடு வெளியே வந்தேன். வாசலில் யாரும் இல்லை. பாய் உள்ளே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த மூலைச் சுவரை இடிக்காமல் அதை ஒட்டியே குளியலறை கட்டச் சொன்னேன். உச்சிப்புளி வெயிலில் ஹீட்டரும் மாட்டினேன்! கொத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பால் காய்ச்சிய அன்று பாய் வந்தார். கரி படிந்த செங்கல்லைத் தடவினார்.

"தண்ணி சுடுதா தம்பி?"

"நல்லாச் சுடுது பாய்."

தலையாட்டிவிட்டு வாசல்வரை போனவர் நின்றார். தன் மஞ்சள் பையை விரித்து என் முன்னால் நீட்டினார்.

"பாத்துக்க. இனி நீதான காவல்."

உள்ளே ஒரு தொப்பியும் மூக்குக்கண்ணாடியும்தான் இருந்தன. சும்மா பார்த்துவிட்டு அனுப்பினால் அவருக்கு மரியாதை இல்லையே என்று, கையை விட்டு அடிவரை துழாவிப் பார்த்துத்தான் அனுப்பினேன்.