பத்தில் நான்கு பேர்

சதவீதர் என்றொரு மனித வகை இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்தக் குடியிருப்புப் பகுதியிலும் ஒருவராவது இருப்பார். இரண்டு பேர் இருந்துவிட்டால் அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். சட்டைப் பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று சிவப்பு. கக்கத்தில் சுருட்டிய வரைபடம். முகத்தில், கெட்ட செய்தி ஒன்று கையில் இருப்பவருக்கே வாய்க்கும் ஒரு மலர்ச்சி. "எப்படி சார் இருக்கீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டுப் பாருங்கள். "பொதுவா இந்தப் பகுதியில எல்லாரும் பரவாயில்ல" என்பார். நீங்கள் அவரைப் பற்றிக் கேட்டீர்கள் என்பதே அவருக்கு உறைக்காது. உலகத்தில் எண்ணப்படுகிறவர்கள் உண்டு, எண்ணுகிறவர்கள் உண்டு. தாம் இரண்டாவது கட்சி என்பதில் அவருக்கு ஐயமே கிடையாது.

நம் சதவீதர் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற முதல் வருடம் எரியாத தெருவிளக்குகளைக் கணக்கெடுத்தார். அடுத்த வருடம் எரியும் விளக்குகளைக் கணக்கெடுத்தார். இரண்டையும் கூட்டினால் மொத்தம் வரவில்லை என்பதற்காக மூன்றாம் வருடம் ஒரு குழு அமைத்தார். விளக்குகள் தம் போக்கில் எரிந்தும் எரியாமலும் இருந்தன.

இப்படி இருக்கையில்தான் சுகாதார நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் வந்தது. இந்தப் பகுதியில் பெரியவர்கள் பத்துப் பேரை எடுத்தால் நான்கு பேருக்கு ரத்த அழுத்தம் அதிகம். அந்த நான்கில் இரண்டு பேருக்கு அது இருப்பதே தெரியாது. கூடவே ஒரு வரி: பொது வாசக சாலையில் ஒருநாள் பரிசோதனை நடக்கும், இந்தப் பகுதியைச் சேர்ந்த முப்பது பேர் வந்து பார்த்துக்கொண்டால் இனி வாரந்தோறும் நர்ஸ் இங்கேயே வருவார், வராவிட்டால் அந்த நர்ஸ் வேறு பகுதிக்குப் போய்விடுவார்.

சதவீதர் அதை மூன்று முறை படித்தார். காதல் கடிதத்தைக்கூட அவர் ஒருமுறைதான் படித்திருப்பார் என்று அவர் மனைவி பிறகு சொன்னார். அந்த அம்மாளுக்குத் தெரியும், கடிதத்தை எழுதியவரே அந்த அம்மாள்தான்.

அன்றே வண்ணத்தாள் வாங்கப்பட்டது. இரண்டு வாரம் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. முன் தெரு, பின் தெரு, குறுக்குச் சந்து என்று பிரித்து, தம் கணிப்பில் அழுத்தம் அதிகமுள்ள தெருவுக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு மஞ்சள், மிச்சத்துக்குப் பச்சை என்று தீட்டினார். ஒருநாள் அவர் மனைவி குழம்புப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்று, சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, ரெண்டு மூணு நாளா ஒரு மாதிரி தல சுத்துது."

சதவீதர் தலை நிமிரவில்லை. ஆனால் கல் நெஞ்சக்காரர் அல்லர், ஆறுதல் சொன்னார். "பயப்படாத. உன் வயசுல மூணுல ஒருத்தருக்குத் தல சுத்துது. நீ தனியா இல்ல."

"அப்போ சரி" என்றார் அந்த அம்மாள். "மத்த ரெண்டு பேர்ல யாராவது வந்து பாத்திரத்த வாங்கிக்குவாங்களா?"

கூட்டம் வாசக சாலையில் கூடியது. வரைபடத்தைச் சுவரில் மாட்ட ஆணி இல்லை. அவர் மனைவி ஓரமாக நின்று அதைப் பிடித்துக்கொண்டார். எல்லாக் கூட்டத்திலும் அதுதான் அவர் பதவி. சதவீதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பத்தில் நான்கு பேர்!" என்று முழங்கி, கனமான ஒரு மௌனத்தைத் தொங்கவிட்டார்.

அந்த மௌனத்தில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன் வரிசை திரும்பிப் பின் வரிசையைப் பார்த்தது. பின் வரிசை கழுத்தை நீட்டி முன் வரிசையைப் பார்த்தது. நடுவில் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் இரக்கத்தோடு பார்த்தார்கள். அத்தனை கண்களும் நான்கு பேரைத் தேடின. ஒரு கண்ணாவது உள்பக்கம் திரும்பியதாகத் தகவல் இல்லை.

தையல்காரர் எழுந்தார். "சார், அந்த நாலு பேரு யாருன்னு சொல்லிட்டீங்கன்னா மத்த ஆறு பேரும் வீட்டுக்குப் போகலாம். கடைய அப்படியே திறந்து போட்டுட்டு வந்திருக்கேன்."

"தம்பி, அது அப்படி இல்ல. இது ஒரு விகிதம்."

"யாரா இருந்தாலும் பரவாயில்ல சார், வரச் சொல்லுங்க."

அடுத்து முன் தெரு வீட்டுக்காரம்மா. "எங்க தெருவுக்கு எதுக்குங்க சிவப்பு? மாடி காலியா இருக்கு. இந்தப் படத்தப் பாத்தா எவன் குடி வருவான்?"

"உள்ளதத்தான்மா போட்டிருக்கேன்."

"உள்ளது பின் தெருவுலதான் இருக்கு. பொழுது விடிஞ்சா சண்ட, பொழுது போனா சண்ட. அவங்களுக்குப் பச்சையாம், எங்களுக்குச் சிவப்பாம்!"

"நாங்க சண்ட போட்டு வெளிய விட்டுர்றோம்" என்று பின் தெருவிலிருந்து ஒரு குரல். "நீங்க உள்ளயே வெச்சிருக்கீங்க. அதான் ஏறுது."

அதன்பிறகு ஒரு மணி நேரம் நிறத்தைப் பற்றியே பேசினார்கள். ஆரஞ்சு போடலாமா? ஆரஞ்சும் ஆபத்தாகத்தானே தெரியும்? கடைசியில் இளஞ்சிவப்பு என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. பரிசோதனைக்கு யார் யார் வருகிறீர்கள் என்று கேட்க நேரமில்லை. சதவீதர் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார். "பாத்தியா? மக்கள் விழிச்சுக்கிட்டாங்க." அவர் மனைவி வழியில் ஒரு மதில் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டு மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

பரிசோதனை நாள். வாசக சாலையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஒன்றில் நர்ஸ், இளவயது, சுருக்கமான பேச்சு. எதிர் நாற்காலி காலி. வாசலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. எல்லாரும் துணைக்கு வந்தவர்கள். "நீங்க போங்க", "வயசுல பெரியவங்க நீங்க, நீங்க போங்க", "எனக்கு ஒண்ணுமில்ல, சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்." பேருந்தில் இடம் பிடிக்க முண்டியடிக்கும் அதே மனிதர்கள், ஒரு காலி நாற்காலியைப் பார்த்ததும் எவ்வளவு பண்பாளர்கள் ஆகிவிடுகிறார்கள்!

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். சதவீதருக்கு வியர்த்தது. எண்ணுவதற்கு ஆளில்லாத நாளை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இளஞ்சிவப்பு வரைபடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"நீ வந்து உக்காரு. இதுல ஒண்ணுமில்லன்னு இவங்களுக்குக் காட்டணும்."

அவர் வந்து உட்கார்ந்தார். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். முகம் மாறவில்லை; ஆனால் எழுதாமல் நிறுத்தினார். "அம்மா, மாடிப்படி ஏதாவது ஏறி வந்தீங்களா?"

"எங்கம்மா ஏறினேன்? காலையிலேருந்து இந்தப் படத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"கொஞ்ச நேரம் பேசாம உக்காருங்க." பொறுத்திருந்து மறு கையில் அளந்தார். பிறகு மறுபடியும். "மேல நூத்தி எம்பத்தாறு, கீழ நூத்தி நாலு. தல சுத்துதாம்மா?"

"சுத்துது. வீட்ல சொல்லிட்டேன்."

சதவீதர் முன்னால் வந்தார். "மிஷின் சரியா இருக்கா பாருங்க. ஒரே ஒரு ஆள வெச்சு எதுவும் சொல்லக் கூடாது. புள்ளிவிவரத்துல இத விதிவிலக்குன்னு சொல்லுவோம்."

"எந்த விவரமா இருந்தாலும் இன்னைக்கே டாக்டரப் பாக்கணும் சார்" என்றார் நர்ஸ்.

அவர் மனைவி நாற்காலியில் இருந்தபடியே திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். "ஏங்க, அந்தப் பத்துப் பேர்ல நான் எந்தப் பக்கம்? நாலுலயா, ஆறுலயா?"

சதவீதரிடம் சொல்வதற்கு ஓர் எண் கூட இல்லை. கையில் இருந்த சிவப்புப் பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் மனைவியின் தோளைத் தொட்டார்; பேனா முனையும் உரசி, சேலையில் ஒரு கோடு விழுந்தது.

தையல்காரர்தான் முதலில் நகர்ந்தார். "நம்ம அக்காவுக்கேவா?" என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடக்கினார். "எல்லாக் கூட்டத்துலயும் நின்னுக்கிட்டே இருந்தாங்களேய்யா. தள்ளுங்க, நான் உக்கார்றேன்." அவர் பின்னால் முன் தெரு வீட்டுக்காரம்மா. அவர் பின்னால், முன் தெருவுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காகவே, பின் தெருவில் பாதி. இத்தனை நாளாக வரைபடம் செய்யாததை, அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஒருமுறை உட்கார்ந்து செய்துவிட்டார். "அக்காவ ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்று மூன்று பெண்கள் சண்டையிட்டார்கள். "வரிசை முடியட்டும், போகலாம்" என்று அவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். இந்த முறை நிற்கவில்லை.

மாலையில் நர்ஸ் எழுதியதை எண்ணிப் பார்த்தார். "இருபத்தொம்பது. இன்னும் ஒரு ஆள் வேணும். நேரம் முடியப் போகுது."

சதவீதர் வெளியே பாய்ந்தார். தெருவில் போன பார்சல் கொடுக்கும் பையனின் வண்டியை மறித்து, கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார். "சார், எனக்கு இருபத்திரண்டு வயசு" என்று அவன் கெஞ்சினான். "அதுவும் நான் இந்த ஏரியாவே இல்ல."

"இங்க குடியிருக்கிறவங்கதான் கணக்கு" என்றார் நர்ஸ்.

சதவீதர் மறுபடி வாசலுக்கு ஓடினார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். தெரு காலி. இந்தப் பகுதியில் வேறு மனிதரே இல்லையா?

"ஏங்க" என்றது உள்ளிருந்து ஒரு குரல். "உள்ள வாங்க. ஆள் இங்கதான் இருக்கு."

அவர் திரும்பினார். எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் வரிசை, பின் வரிசை என்றில்லாமல் எல்லாரும். அவர் தம் முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு வந்து உட்கார்ந்தார். நர்ஸ் அளந்தார், மனைவி எழுந்து வந்து பக்கத்தில் நின்று, வரைபடத்தைப் பிடிக்கும் அதே பக்குவத்தோடு அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது நர்ஸ் வாரந்தோறும் வருகிறார். அந்த அம்மாள் மாத்திரை சாப்பிடுகிறார். சாயங்காலம் இரண்டு தெருப் பெண்களோடும் நடக்கிறார். நடக்கும்போதே இரண்டு தெருச் சண்டையும் தீர்ந்துவிடுகிறது. சதவீதர் புது வரைபடம் ஒன்று போட்டிருக்கிறார். 'எமது வரைபட முயற்சியின் பயனாக' என்று தலைப்பு. வாசக சாலைச் சுவரில் ஆணியும் அடித்துவிட்டார். அதுமட்டும் உண்மையான முன்னேற்றம்.

அதெல்லாம் சரி, அவருடைய அளவு எவ்வளவு வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? பாருங்கள், அடுத்தவர் கணக்கு என்றதும் எவ்வளவு ஆவல்! பத்தில் நான்கு பேர் என்று ஆரம்பத்தில் நான் சொன்னபோதே உங்களுக்கு மைத்துனர் ஞாபகம் வந்தது, மேலதிகாரி ஞாபகம் வந்தது, எதிர்வீட்டுக்காரர் கட்டாயம் வந்தார். இதைப் படித்துவிட்டு யாருக்குக் கொடுக்கலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டீர்கள்.

கொடுங்கள், நல்ல காரியம். போகிற வழியில் அந்த வாசக சாலையை எட்டிப் பாருங்கள். ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

பின்னால் திரும்பிப் பார்க்காதீர்கள். உங்களைத்தான்.