மைசூர்ப் புலிதான் புலி

விலங்குகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு ரகம். விலங்குகளுக்கு மார்க் போடப் போகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தை எந்த ஊர் மிருகக்காட்சி சாலையிலும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். எல்லோரும் கூண்டைப் பார்த்து நிற்க, இவர் மட்டும் கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேறு ஊர் விலங்கின் பெருமையைத் தன் குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருப்பார். டிக்கெட் எடுத்தவர்தான். பார்ப்பதற்கு என்று எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

திருப்பூர் நஜீமுதீனை எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனி முதலாளி. ஆர்டர் பேச எந்த ஊருக்குப் போனாலும் மனைவி நூர்ஜானையும் கூட்டிக்கொண்டு போகிற நல்ல மனிதர். போன ஊரில் மிருகக்காட்சி சாலை இருந்தால், வேலை முடிந்ததும் அங்கே ஆஜர்.

பனியன் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர் சரியென்று தலையாட்டிய முதல் உருப்படியை முத்திரை போட்டுப் பீரோவில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் அப்ரூவல் சாம்பிள். அப்புறம் தைக்கிற ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், மாறியிருந்தால் ரிஜெக்ட். பனியனுக்கு இது நியாயம். நஜீமுதீன், கல்யாணத்துக்கு முன்னால் சிநேகிதர்களோடு மைசூர் போனபோது பார்த்த ஒரு புலியையும் இப்படியே முத்திரை போட்டு மனசுக்குள் வைத்துவிட்டார். அன்றிலிருந்து இந்தியாவில் வேறெந்தப் புலியும் பாஸாகவில்லை.

வண்டலூரில் தூங்கிக்கொண்டிருந்த புலியின் விலாவை உற்றுப் பார்த்தார். "சைடுல கோடு மேட்ச் ஆகலியே புள்ள! நம்ம கம்பெனியா இருந்தா பிரிச்சுத் தைக்கச் சொல்லியிருப்பேன்." ஹைதராபாத்தில் யானைக்குச் சுருக்கம் அதிகம், அயர்ன் போதாது என்றார். வரிக்குதிரையோ வாஷிங்கில் சாயம் இறங்கிய கேஸ். ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து அவர் கழுத்து அளவு சொன்னதை நான் எழுதப் போவதில்லை.

நூர்ஜானுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். எழுந்து நடக்கிற புலியை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும். போன ஊரிலெல்லாம் புலி படுத்திருந்தது. அது வாலை அசைக்கும் முன்பே, "ரிஜெக்ட் புள்ள, வா!" என்று இவர் கையைப் பிடித்து இழுத்துப் போய்விடுவார். புலி தூங்குவதற்காவது காரணம் உண்டு. இவருக்கு என்ன அவசரம்?

திருவனந்தபுரத்தில் நூர்ஜான், புலியின் அகழியோரக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அது எந்திரிக்கற வரைக்கும் நான் வரமாட்டேனுங்க."

"எந்திரிச்சு மட்டும் என்ன ஆகப் போகுது? மைசூர்ல ஒண்ணு நடந்துச்சு பாரு, அதுதான் நடை! இரு, போட்டோ காட்டறேன்."

புலிக்கு முதுகைக் காட்டி நின்று செல்போனைத் தேய்த்தார். படத்தில் நிறையப் புல் இருந்தது. நடுவில் மஞ்சளாக என்னவோ தெரிந்தது. அதை இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொண்டிருக்கும்போதுதான், அவருக்குப் பின்னால் புலி எழுந்தது. சோம்பல் முறித்தது. மெதுவாக நடந்து, அகழியின் விளிம்புக்கே வந்து நின்றது. கூட்டம் மூச்சுவிடவில்லை. நூர்ஜானுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"நான் சொல்றது கேக்குதா?"

"கேக்குதுங்க."

புலி ஒரு உறுமல் உறுமியது. அவர் கையிலிருந்து போன் நழுவி விழுந்தது. குனிந்து, எடுத்து, கண்ணாடி உடையவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு திரும்பினால், புலி பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

"எந்திரிச்சுதா? எப்படி இருந்துச்சு?"

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அவருக்குத் தெரியாத ஒன்று நூர்ஜானுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கணவரோடு பங்கு போட மனசு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மைசூர் அளவுக்கு இல்லீங்க. வாங்க, போலாம்."

"நாந்தான் அப்பவே சொன்னேனே!" என்று நஜீமுதீன் முகம் மலர்ந்தார். பாவம், அன்று முழுக்க அவருக்கு அந்தச் சந்தோஷம் தாங்கவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒரு அருவியில் நனைந்துகொண்டே இன்னொரு அருவியைப் புகழ்ந்தவர் யார்? ஒரு கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டே போன கல்யாணத்துப் பாயசத்துக்கு ஏங்கியவர் யார்? அதை விடுங்கள். இதைப் படிக்கும்போதே, இதைவிட நல்லதாக ஒன்றை எங்கோ படித்தோமே என்று யோசித்தீர்கள் அல்லவா? அந்த நேரம் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஏதோ எழுந்து நடந்தது. இப்போது திரும்பிப் பார்த்துப் பிரயோசனமில்லை.