டையிங் மாஸ்டரின் வெள்ளைத் துணி

தண்ணீரை நாக்கில் வைத்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடும் மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் டையிங் மாஸ்டர். இரண்டாயிரத்துகளில் நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப் பக்கம் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் துணிக்குச் சாயம் ஏற்றுவது அவர் பொறுப்பு. பெயர் யாருக்கும் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில்கூட 'டையிங் மாஸ்டர் அவர்கள்' என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள்.

டீக்கடையில் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏனுங்க, தண்ணி லாரிய மாத்தீட்டீங்களாட்ட இருக்குது?" என்பார். கடைக்காரர் திருதிருவென்று விழிப்பார். நிஜமாகவே லாரி மாறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மனிதர் மலையேறக் கிளம்பிவிடுவார். "ஆறு நாளும் சாயத் தண்ணியில நிக்கறனுங்க. ஏழாவது நாளாச்சும் நெறமில்லாத தண்ணியப் பாக்கோணும்" என்பது அவர் கட்சி. நானும் கட்டிங் மாஸ்டர் அந்தோணியும் கூடப் போவோம். அந்தோணி தூத்துக்குடிக்காரர். மலைமேல் அவருக்கு ஆசை கிடையாது, மெஸ் சாம்பாரிலிருந்து ஒரு நாள் தப்பித்தால் போதும்.

ஊற்று கண்டுபிடிப்பதில் மாஸ்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை. காய்ந்த சரிவில் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தாலோ, மண்ணில் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தாலோ ஓட்டமாக ஓடுவார். கையாலேயே தோண்டுவார், தண்ணீர் ஊறும். உடனே நாங்கள் குடித்துவிட முடியாது. பையிலிருந்து ஒரு வெள்ளைப் பனியன் துணியை எடுத்து முக்கி, பிழிந்து, வெயிலில் பிடித்துப் பார்ப்பார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால்தான் அனுமதி.

வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கக் கூடாரம் போடும் விஷயத்தில்தான் கோட்டை விட்டார். ஏற்றுமதியில் ரிஜெக்ட் ஆன டி-ஷர்ட் துணியில் தைத்து எடுத்து வந்தார். ஒரு தூறலுக்கே அது தண்ணீரைக் குடித்து, தொங்கி, எங்கள் மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது.

"மாஸ்டர், இது டென்ட்டா, ஈரத் துண்டா?" என்றார் அந்தோணி.

"காத்தோட்டமா இருக்குதுல்லீங்க?" என்றார் மாஸ்டர், துணிக்குள்ளிருந்தே.

ஒரு கோடையில் நல்ல இடம் சிக்கியது. கூடாரம் போடச் சமதளம், பக்கத்திலேயே பாறையடியில் ஊற்று. அந்தோணி சோப்போடு கிளம்பினார். மாஸ்டர் குறுக்கே நின்றார். "இந்தத் தண்ணியக் கீழ யாராச்சும் குடிச்சாங்கன்னா?"

"கீழ யாரு இருக்கா? ஒரு காக்கா குருவியக் காணும்லா!"

கம்பெனியில் எந்தக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால், மாஸ்டர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சாயம் போடுவார். நிறம் எங்கே வெளியே வருகிறதோ அங்கே ஓட்டை. அதே கைப்பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது சாம்பிள் பொட்டலம் கிடக்கும். அன்றைக்குச் சிவப்பு. அதை ஊற்றில் தட்டிவிட்டு, சற்றுக் கீழே இருந்த இன்னொரு கசிவின் முன்னால் மூவரும் ஒரு மணி நேரம் காவல் இருந்தோம். நிறம் வரவில்லை.

"வேற தண்ணிங்க. போயிக் குளீங்க" என்றார் மாஸ்டர் பெருமையாக. சிவப்புத் தண்ணீரில் எப்படிக் குளிப்பது என்று தெரியாமல் அந்தோணி சோப்போடு நின்றார்.

சோறு வெந்துகொண்டிருந்தபோது மறுபக்கச் சரிவிலிருந்து ஒரு பெண் குடத்தோடு ஏறி வந்தார். எங்கள் முன்னால் குடத்தைச் சாய்த்தார். ரோஸ் நிறத்தில் தண்ணீர் கொட்டியது.

"பத்து ஊட்டுக்கும் அந்தப் பக்கம் இருக்கற ஒரு ஊத்துதானுங்க. புள்ளைங்க குடிக்கறதுக்குப் பயந்துட்டு நிக்குதுங்க" என்றார்.

நாங்கள் காவல் இருந்த வழியை விட்டுவிட்டுத் தண்ணீர் மலைக்குள்ளேயே வேறு பக்கம் போயிருந்தது. மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "நாந்தானுங்க அம்மணி. தப்புப் பண்ணிப்போட்டனுங்க."

எங்கள் கேன்களில் இருந்த தண்ணீரையெல்லாம் அந்த வீடுகளுக்குக் கொடுத்தோம். பிறகு மாஸ்டர் இறைக்கத் தொடங்கினார். முதலில் மேல் ஊற்று, அப்புறம் அவர்களுடைய ஊற்று. இறைப்பார், ஊற விடுவார், வெள்ளைத் துணியை முக்குவார். ரோஸ். மறுபடியும் இறைப்பார். நாங்களும் கை கொடுத்தோம், ஆனால் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மறுநாள் அவசர ஆர்டர் வேறு. "நான் வல்லைன்னு கம்பெனியில சொல்லீருங்க" என்றார் நிமிராமலே.

செவ்வாய்க்கிழமைதான் வந்தார். முதலாளி கத்தியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, என் மேஜைக்கு வந்து துணியை விரித்தார். பளிச்சென்ற வெள்ளை. கை விரல்கள் மட்டும் புண்ணாகியிருந்தன.

அடுத்த ஞாயிறு அவர் மலைக்குக் கூப்பிடவில்லை. எங்கள் கம்பெனிச் சாக்கடையை ஒட்டியே கீழ்நோக்கி நடந்தார், நாங்களும் பின்னாலேயே போனோம். வெயிலில் வெகுதூரம் போய் ஒரு தோட்டத்துக் கிணற்றில் துணியை இறக்கினார். வெளியே வந்தது நீலம். அந்த வாரம் நாங்கள் ஏற்றிக்கொண்டிருந்த அதே நீலம். இத்தனை வருடத்தில் கம்பெனியிலிருந்து ஒருவரும் அந்தப் பக்கம் வந்து பார்த்ததில்லை.

"இத எறைக்கறதுக்கு என்ற ஆயுசு பத்தாதுங்க" என்றார்.

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார். எங்கே போனார் என்று தெரியாது. நான் இப்போதும் மலையேறினால் பையில் ஒரு வெள்ளைப் பனியன் துணி இருக்கும். எவ்வளவு தெளிந்த ஊற்றாக இருந்தாலும், எவ்வளவு தாகமாக இருந்தாலும், அதை முக்கி மாஸ்டரைக் கேட்காமல் எனக்குக் குடிக்க மனசு வருவதில்லை.