மேலே தக்காளி, கீழே உருளைக்கிழங்கு

"ஞாயித்துக்கிழமை காலையில வந்துடறோம் மாப்பிள்ளை. மாமா வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாரு. நான் விடல. அந்த அதிசயச் செடியைக் கண்ணால பார்த்துடணும்னு இழுத்துட்டு வரேன்."

மாமியார் போனில் இதைச் சொன்னபோது மாப்பிள்ளையின் கையில் ஒரு வாடிக்கையாளரின் மூக்குக்கண்ணாடி இருந்தது. சொல்லி முடித்தபோது அது இரண்டு துண்டாக இருந்தது.

அதிசயச் செடி என்பது, மேலே தக்காளியும் மண்ணுக்குக் கீழே உருளைக்கிழங்கும் காய்க்கிற ஒட்டுச்செடி. மாப்பிள்ளை தன் வீட்டுக் கொல்லையில் தன் கையாலேயே ஒட்டுக்கட்டி வளர்ப்பது. அதில் ஒரே ஒரு குறைதான். அப்படி ஒரு செடி இல்லை.

அந்தப் பொய் பிறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். மாமனார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நிமிர்ந்து பார்த்தால் போதும், எதிரில் இருப்பவருக்கு வீட்டுப்பாடம் செய்யாமல் வந்துவிட்ட மாதிரி இருக்கும். ஓய்வு பெற்றதும் வேறு ஊரில் ஒரு மாடிவீட்டுக்குக் குடிபோனார். போன சூட்டோடு தோட்டக்காரராகவும் ஆகிவிட்டார். வாரம் தவறாமல் ஒரு போட்டோ வரும். இந்தப் பக்கம் ரோஜா, அந்தப் பக்கம் செம்பருத்தி, நடுவில் கையைக் கட்டிக்கொண்டு மாமனார். "நாங்க வந்து பார்க்கறோம்ப்பா" என்று மகள் சொன்னால், "இப்ப வேண்டாம்மா, பூச்சிமருந்து அடிச்சிருக்கேன்" என்பார். சொந்தபந்தம் முழுவதும் அவரிடம்தான் யோசனை கேட்கும். "செடிக்கு என்ன வேணும்னு செடியே சொல்லும்" என்பார். கேட்டவர்கள் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு போவார்கள்.

மூத்த மருமகன், அதாவது நம் மாப்பிள்ளையின் சகலை, பாலம் கட்டுகிற எஞ்சினியர். அவனும் மாமனாரும் பேச ஆரம்பித்தால் பாலம் நீளத்துக்குப் பேச்சு போகும். சின்ன மாப்பிள்ளை கண்ணாடிக்கடைக்காரர். "சௌக்கியமா?" "சௌக்கியம் மாமா." அதற்கப்புறம் இரண்டு பேரும் போனில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் ஒரு நாள் வாய் முந்திக்கொண்டது.

"நானும் கொஞ்சம் தோட்டம் போட்டிருக்கேன் மாமா. தக்காளியையும் உருளையையும் ஒட்டுக்கட்டி வச்சிருக்கேன். ரெண்டும் ஒரே குடும்பம் பாருங்க, ஒட்டிக்கும்."

சலூனில் காத்திருந்தபோது ஒரு பழைய பத்திரிகையில் படித்தது.  "ஓஹோ" என்றார் மாமனார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளை வாங்கிய முதல் ஓஹோ அது. ருசி கண்ட பூனையை யாரால் தடுக்க முடியும்? அடுத்த வாரம் செடி தளிர் விட்டது. அதற்கடுத்த வாரம் பூ, அப்புறம் காய். உரமில்லை, தண்ணீரில்லை, பேச்சிலேயே வளர்ந்தது. உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் மாமனார் நாலு பேர் முன்னால் தோளைத் தட்டி, "எங்க சின்ன மாப்பிள்ளைக்குக் கைராசி" என்றார். சகலை அன்று பாலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தச் சுகத்தைத்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்து பிடுங்கப் போகிறது.

"செடி இல்லைன்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். உள்ளே இருப்பது எப்படியும் வெளியே தெரிந்துவிடும் என்பது அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த நம்பிக்கை.

"சொல்லிட்டு எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு அவர் முன்னாடி நிக்கிறது?"

"இதே மூஞ்சியைத்தான். வேற எங்க இருக்கு?"

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. இல்லாத செடியை உண்டாக்கிவிட்டால் பொய் எப்படிப் பொய்யாகும்? நர்சரிக்குப் போய் ஒரு தக்காளி நாற்று வாங்கி வந்தார். உருளைச் செடிக்கு அலையவேண்டியிருக்கவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக எறிந்த முளைவிட்ட கிழங்கு ஒன்று கொல்லையில் தானாகவே செடியாகி நின்றது. அதைப் பெயர்த்து ஒரு தொட்டியில் வைத்தார். இரண்டின் தண்டையும் சாய்வாகச் சீவி, உருளையின் அடிப்பாகத்தின் மேல் தக்காளியின் தலையைப் பொருத்தினார். கட்டுவதற்குத்தான் அவரிடம் ஒரு பொருள் இருந்தது. கண்ணாடிக் காதுக்கம்பி உறுத்தாமலிருக்க மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாய். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

"பார்த்தியா, கைராசி" என்றார்.

"ராசி இருக்கட்டும், வேர் புடிக்கட்டும்" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமைக்குள் காய்க்க வேண்டுமே என்று செடியை நல்ல வெயிலில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். மத்தியானம் சாப்பிட வந்தபோது தக்காளி தலை தொங்கி, திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றது. நர்சரிக்காரருக்குப் போன் போட்டார்.

"ஆபரேஷன் முடிஞ்ச ஆளைக் கொண்டுபோய் வெயில்ல நிறுத்துவீங்களா சார்? நிழல்ல வைங்க. சுத்தி இருக்கிற காத்து ஈரமா இருக்கணும்."

வீட்டில் ஈரக்காற்று எங்கே கிடைக்கும்? குளியலறையில். மாப்பிள்ளை செடியை அங்கே வைத்து, ஈரம் சீக்கிரம் சேரட்டும் என்று வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த நேரம் பார்த்து, உடைந்த கண்ணாடியின் சொந்தக்காரர் கடைவாசலில் நிற்பதாகப் போன் வந்தது. மாப்பிள்ளை ஓடினார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவி கதவைத் திறந்தாள். வெண்புகையாக ஆவி வெளியே வந்தது. பின்னாலேயே ஒரு வாசனையும் வந்தது.

"இன்னும் ரெண்டு கல்லு உப்பு போட்டிருந்தா சூப்பு ஆகியிருக்கும்" என்றாள்.

இனி நேர்வழி இல்லை என்று மாப்பிள்ளை முடிவு செய்தது அப்போதுதான். இதுவரை போனதே நேர்வழி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மேல்வீட்டில் ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். அவருடைய பால்கனியில் தொட்டியில் ஒரு தக்காளிச் செடி, ஆள் இடுப்பளவுக்கு, பச்சைப்பசேல் என்று நின்றது. நிறையப் பூ இருந்தது, காய்தான் ஒன்றுமில்லை.

"ஒரே ஒரு நாளைக்குக் கொடுங்க டீச்சர். மாமனாருக்குக் காட்டிட்டுத் திருப்பிக் கொண்டாந்துடறேன்."

"மாமனாருக்குக் காட்ட உங்ககிட்ட சொந்தமா எதுவுமே இல்லையா?"

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். "இல்லை டீச்சர்" என்றார்.

அந்தப் பதில் டீச்சரின் மனசை இளக்கியிருக்க வேண்டும். "கொண்டு போங்க. ஆனா இது நான் பெறாத பிள்ளை. இலை ஒண்ணு உதிர்ந்தாலும் எனக்குத் தெரிஞ்சுடும்" என்று சொல்லி, தொட்டி படியிறங்கும் வரை கூடவே வந்தார்.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே மாப்பிள்ளை கடைத்தெருவுக்குப் போய், பார்த்துப் பார்த்துப் பழுத்த தக்காளி வாங்கி வந்தார். அரை பிரேம் கண்ணாடியில் லென்சைத் தாங்கிப் பிடிக்கும் நைலான் நூல் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாது. அதை வைத்துக் கிளைகிளையாகக் கட்டினார். செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சமன்செய்ய மறுபக்கம் கட்டினார். இப்போது எல்லாக் கிளைகளும் ஒரே மாதிரி தரையைப் பார்த்துத் தொங்கின.

"கிழங்கு?" என்றார் மனைவியிடம்.

"நீங்க கடைக்குப் போயிருந்தப்பவே தொட்டியில புதைச்சாச்சு. வீட்ல இருந்தது அத்தனையும் உள்ள இருக்கு."

"மண்ணோட இருந்த கிழங்கு தானே?"

மனைவியின் முகம் மாறியது. "கழுவித்தான் வச்சிருந்தேன். சமைக்கறதுக்காகப் பாதியைத் தோல்கூடச் சீவி…"

வாசல் மணி அடித்தது.

மாமனார் உள்ளே வந்ததும் செடியைப் பற்றிக் கேட்பார் என்று மாப்பிள்ளை பயந்துகொண்டிருந்தார். அவர் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டீ குடித்தார். இன்னொரு டீ கேட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பற்றி விசாரித்தார். தன்னைக் காக்கவைத்தே வேக வைக்கிறார் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

"எழுந்திருங்க, வந்த வேலையைப் பார்க்கலாம்" என்று மாமியார்தான் அவரைக் கொல்லைக்குக் கிளப்பினார்.

மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தார். நின்றார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"மண்ணு" என்றார்.

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார்.

"நல்ல மண்ணு."

பிறகு ஒரு தக்காளியைத் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் பளபளத்தது. மாப்பிள்ளை எல்லாவற்றையும் பிய்த்ததாகத்தான் நினைத்திருந்தார். மாமனார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பேர் எழுதி ஒட்டிடறீங்களா? நல்ல பழக்கம். ரகம் மறக்காது."

மனைவி திரும்பிக்கொண்டு இருமினாள்.  வாத்தியார் பிரம்பை எடுக்கவில்லை, ஆனால் அடி விழ ஆரம்பித்துவிட்டது.

"ஒண்ணு பறிச்சுப் பாருங்களேன்" என்றார் மாமியார்.

மாமனார் மெல்ல இழுத்தார். தக்காளி வந்தது. அதோடு முழநீளத்துக்கு நைலான் நூலும் வந்தது. அதை விரலில் சுற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"நார் நல்லா விட்டிருக்கு" என்றார்.

 இப்படி நயமாகக் கொல்வதற்குப் பதில் கன்னத்தில் ஒன்று வைத்துவிடலாமே என்று மாப்பிள்ளைக்கு இருந்தது.

"கீழ இருக்கறதையும் காட்டுங்க மாப்பிள்ளை, அதுக்குத்தானே வந்தோம்" என்றார் மாமியார்.

வேறு வழியில்லை. மாப்பிள்ளை மண் கிளறும் கரண்டியை எடுத்து, எல்லாத் தெய்வங்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி வேண்டிக்கொண்டு, ஓரமாகத் தோண்டினார். தெய்வங்களுக்கு வேறு வேலை இருந்தது. வெளியே வந்த கிழங்கு வழவழவென்று, துளித் தோலில்லாமல், நாலு பக்கமும் கத்தி போன தடத்தோடு இருந்தது.

மாமனார் அதைக் கையில் வாங்கி எடைபார்ப்பது போல் உருட்டினார்.

"தோல் மெலிசான ரகம்" என்றார்.

அப்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. பாட்டு டீச்சர் பால்கனியில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.

"சார், காட்டறதுக்குன்னுதானே என் செடியை வாங்கிட்டுப் போனீங்க? வேரைத் தோண்டறதுக்கா கொடுத்தேன்? அதுல தக்காளி எப்படி வந்தது? நேத்து சாயங்காலம் வரைக்கும் பூதானே இருந்தது?"

மாப்பிள்ளை கரண்டியைக் கீழே போட்டார். இத்தனை நாள் தாங்கியது அத்தனையும் ஒரே வீச்சில் வெளியே வந்தது.

"போதும் மாமா. தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி பேசி என்னை வதைக்காதீங்க. நான் ஒட்டும் கட்டல, ஒண்ணும் கட்டல. செடி டீச்சரோடது. தக்காளி கடையில வாங்கினது. நார் இல்ல அது, கண்ணாடி நூல். கிழங்கு எங்க சமையலுக்கு வச்சிருந்தது. நானா வச்ச செடியைக் குளியலறையில வேக வச்சுட்டேன். போன்ல உங்ககிட்ட பேசறதுக்கு எனக்கு விஷயமே இல்ல மாமா. நீங்க ஒரு தடவை ஓஹோன்னீங்க. அதுக்காகத்தான் எல்லாம்."

 மேலே டீச்சர் உள்ளே போகாமல் அப்படியே நின்றார். மனைவி மெதுவாக வந்து மாப்பிள்ளையின் மண் படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமனார் தோல் சீவிய கிழங்கைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு கொல்லைப் படியில் போய்த் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய காது இரண்டும் தக்காளி நிறத்துக்கு வந்திருந்தன. கோபம் உச்சிக்கு ஏறுகிறது என்று மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

மாமியார்தான் பேசினார். வெகுநாள் சுமந்த பையை இறக்கி வைத்தவர் மாதிரி அவர் குரல் இருந்தது.

"நீங்க வருத்தப்படாதீங்க மாப்பிள்ளை, நீங்களாவது நிஜச் செடியைக் கொண்டாந்து வச்சீங்க. எங்க வீட்டுத் தோட்டத்தை நான் வாரா வாரம் ஈரத்துணி போட்டுல்ல துடைச்சிட்டிருக்கேன்."