ஆணி அண்ணாவும் ஏசி பஸ் டீமும்

கல்யாண ரிசப்ஷனுக்கும் சுத்தியலோடு வருகிற கிரிக்கெட் கிளப் செயலாளர் இந்தியாவிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் காக்ஸ் டவுன் கிளப்பின் ஆணி அண்ணா. ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருப்பதாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை.

எங்கள் டிவிஷனில் இன்னும் மேட்டிங் பிட்ச்தான். மண் தரையில் நார்ப்பாயை விரித்து, இழுத்துப் பிடித்து, சுற்றிலும் நீள ஆணி அடிக்க வேண்டும். வாரமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அண்ணா, ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குப்புறப் படுத்து ஆணி அடிப்பார். வேறு யாரும் தொடக்கூடாது. ஒருமுறை விக்கெட் கீப்பர் டேவிட், உதவுகிறேன் பேர்வழி என்று நாலு ஆணி அடித்தான். அண்ணா நாலையும் எடுத்து, துடைத்து, மறுபடி அடித்தார்.

"உன் ஆணிங்க கோவிச்சிக்கினு நிக்கிற மாதிரி கீதுப்பா" என்றார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த எங்கள் பிழைப்பின் குறுக்கே ஓர் ஏசி பஸ் வந்து நின்றது. பெரிய லீக்கில் கோடிகளைக் கொட்டி ஆள் எடுக்கிற ஒரு கம்பெனி, உள்ளூர் லீக்கிலும் ஓர் அணியை இறக்கிவிட்டது. மாதச் சம்பளத்துக்கு ஆடும் பையன்கள். கூடவே பிசியோ, சமையல்காரர், வீடியோ எடுக்க ஒருவர், அதை உட்கார்ந்து பார்க்க இன்னொருவர். எங்கள் வேகப்பந்து வீச்சாளன் ஸ்டீபன் பார்சல் டெலிவரி செய்பவன். கேப்டனான நான் இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க். யாருக்காவது முழங்கால் பிடித்துக்கொண்டால் டேவிட் பாக்கெட்டில் தைலம் இருக்கும்.

சீசனின் கடைசி மேட்ச் அவர்களோடு. தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோம். முப்பது வருஷமாகக் கிளப்பை இறங்கவிடாமல் காப்பாற்றி வந்த அண்ணாவுக்குச் சோறு இறங்கவில்லை. லீக் ஆபீஸுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

போட்டி நியாயமாக இருக்க வேண்டுமென்றால், எதிரணியினரும் சனிக்கிழமை முழுக்க ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு சில்க் போர்டு டிராஃபிக் வழியாக வீடு திரும்ப வேண்டும் என்றது முதல் கடிதம். கிட் பையோடு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வரவேண்டும் என்றது இரண்டாவது. பிசியோவை ஒரு ஓவர் அவர்களும் ஒரு ஓவர் நாங்களும் வைத்துக்கொள்ளலாம் என்றது மூன்றாவது. 'இந்த வயசுல என்னா கிரிக்கெட்டு' என்று கேட்கும் சொந்தக்காரர் ஒருவராவது அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்க வேண்டும் என்று நாலாவது கடிதம் கேட்டுக்கொண்டது. ஒன்றுக்கும் பதில் இல்லை.

மேட்ச் அன்று காலை டேவிட் அவர் பக்கத்தில் குந்தினான். "அண்ணா, அவங்க பேட்டிங் வரும்போது ரெண்டு ஆணிய லூஸ் பண்ணி வுட்டா பாய் தூக்கும், பால் எகிறும்ல?"

அண்ணா சுத்தியலை எடுத்தார். எல்லா ஆணியையும் இன்னொரு சுற்று அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை டேவிட்டை நிமிர்ந்து பார்த்தார்.

ஆனால் அன்று என்ன அதிசயமோ, ஏசி பஸ் எங்களிடம் திணறியது. அவர்களுக்குக் கடைசி விக்கெட், ஜெயிக்க இன்னும் மூன்று ரன். ஸ்டீபன் போட்ட பந்து குத்தி, விசுக்கென்று எகிறி, பையனின் கையுறையில் பட்டு டேவிட்டிடம் போனது. அப்பீல் செய்தோம், அம்பயர் விரலைத் தூக்கினார். நாங்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு குதிக்கையில், அண்ணா சுத்தியலோடு ஓடிவந்தார். அவரும் குதிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தோம். அவரோ பிட்ச்சில் குப்புறப் படுத்தார். பந்து குத்திய இடத்தின் ஓரத்தில் ஓர் ஆணி நாள் முழுக்க மிதிபட்டுக் கழன்று, பாய் விரல் தடிமனுக்குத் தூக்கியிருந்தது.

"கேப்டன், அப்பீல வாபஸ் வாங்கு."

"அண்ணா, அம்பயரே அவுட் குடுத்துட்டாரு."

"அவரு பால பாத்தாரு. ஆணிய நான்தான பாக்கணும்?"

"அவங்களுக்கு எல்லாமே இருக்குண்ணா. நமக்கு இது ஒண்ணுதான் கெடச்சிது."

அண்ணாவின் குரல் இறங்கியது. "அநியாயம் அநியாயம்னு நாலு லெட்டர் போட்டுக்கிறேன்பா. இப்ப வாய மூடிக்கினு இருந்தா அந்த நாலும் பொய்யாயிடும்."

வாபஸ் வாங்கினேன். அண்ணா அந்த ஆணியை அடித்தார். சந்தேகத்துக்கு மற்ற எல்லாவற்றையும் அடித்தார். பத்து நிமிஷம் காத்திருந்த பையன், அடுத்த பந்தை நேராக பவுண்டரிக்கு அனுப்பினான்.

ஏசி பஸ் கிளம்பியபோது அண்ணா அதன் முன்னால் போய் நின்றார். "ஜெயிச்சவங்கதான் பாய் சுருட்டணும். அது ரூலு."

"அங்கிள், வெயிட் தூக்கக் கூடாதுன்னு பிசியோ சொல்லியிருக்காரு" என்றான் அவர்கள் கேப்டன்.

"அவரையும் கூட்டிக்கினு வா."

பதினொரு பேரும் பிசியோவும் சேர்ந்து பாயைச் சுருட்டி ஷெட்டில் வைத்தார்கள். அதையும் ஒருவர் வீடியோ எடுத்தார். நாங்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்கினோம். நான் இரண்டு மாதம் அண்ணாவோடு பேசவில்லை. அவ்வளவு கோபம்.

அடுத்த சீசனின் முதல் ஞாயிறு, மனசு கேட்காமல் ஒரு சுத்தியல் வாங்கிக்கொண்டு ஐந்தரைக்கே கிரவுண்டுக்குப் போனேன். அவர் வருவதற்குள் நானே அடித்துவிடலாம் என்று எண்ணம். அங்கே ஏற்கெனவே ஸ்டீபன் சுத்தியலோடு நின்றிருந்தான். டேவிட் கையில் வீட்டில் இஞ்சி இடிக்கிற கல். மூவருமாக எல்லா ஆணியையும் அடித்து முடித்தோம்.

ஆறு மணிக்கு அண்ணா வந்தார். பாயைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு குப்புறப் படுத்து, நாங்கள் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, மறுபடி அடிக்க ஆரம்பித்தார்.

நாங்கள் பாயின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டோம். எந்த டிவிஷனாக இருந்தால் என்ன, இந்த மனிதர் ஆணி அடித்த பாயில் ஆடக் கிடைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு.