வட்டத்தை வீட்டைவிட்டு அனுப்பாதவர்

தர்மபுரி மாவட்டத்தில் இயந்திரம் வரையத் தெரிந்தவர்கள் பலர் இருக்கலாம். கணினித் திரையில் இருக்கும் ஒரு வட்டத்திடம் அனுமதி கேட்டுவிட்டு அதன் பதவியைப் பறித்தவர் ஒருவர்தான். அவரைச் சம்பந்தி என்று அழைத்தோம். சம்பளம் போடும் முதலாளிக்காவது அவருடைய இயற்பெயர் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவரும் சம்பந்தி என்றே அழைத்தார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மிக்சி பழுதுபார்க்கும் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். புளியங்கொட்டை பிரிப்பது, கடலை உடைப்பது போன்ற வேலைகளுக்கான இயந்திரங்களை அங்கே கணினியில் வரைந்து பட்டறைகளுக்கு அனுப்புவார்கள். தமிழ் இலக்கியம் படிக்கும் நான், கல்லூரி முடிந்த பிற்பகல்களில் அந்த இயந்திரங்களுக்குப் பயன்பாட்டுக் குறிப்பு எழுதினேன். 'கையை உள்ளே விடாதீர்கள்' என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்பதில் எனக்கு இப்போது ஓரளவு பயிற்சி உண்டு.

கணினியில் ஒரு பாகத்தை உருவாக்க, முதலில் தட்டையாக ஒரு கோட்டுப்படம் போடுவார்கள். அதற்கு அடிப்படை ஸ்கெட்ச் என்று பெயர். அதை உயர்த்தினால் உடல் வரும். பிறகு அந்த உடலில் துளை, மடிப்பு, கால் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். துளை ஒரு விளிம்பை நம்பியிருக்கும். மடிப்பு அந்தத் துளையை நம்பியிருக்கும். யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்பதைக் கணினி மறப்பதில்லை. சம்பந்தியும் மறப்பதில்லை. எந்தக் கோட்டைக் கண்டாலும், "இதுக்குச் சம்பந்தி யாரு?" என்று கேட்பார். பதில் கிடைக்கும்வரை மௌஸைத் தொட மாட்டார்.

ஒவ்வொன்றுக்கும் உறவுமுறையில் பெயரும் வைப்பார். மற்ற அலுவலகங்களின் திரையில் இடப்பக்கம் 'துளை ஒன்று, துளை இரண்டு' என்றிருக்குமாம். எங்கள் திரையில் 'மூத்த மருமகள்', 'கோபித்துக்கொண்டு போன சித்தப்பா' என்றிருக்கும். சித்தப்பா என்பது ஒரு திருகாணித் துளை. எந்த மாற்றம் செய்தாலும் முதலில் இடம் விலகி நிற்பது அதுதான்.

ஒருமுறை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த தினேஷ், புளி இயந்திரத்தின் அடிப்படை ஸ்கெட்சை அழித்துவிட்டார். அதை நம்பியிருந்தவை எல்லாம் ஆதாரம் இழந்து, பிழை என்று திரையில் ஒரே நேரத்தில் சிவந்தன. சம்பந்தி கீழே இறங்கிப் போனார். மிக்சிக் கடைக் குழாயில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்டத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"என்னாண்ணா இது?" என்றார் தினேஷ்.

"எழவு வுழுந்தா தலைக்கு ஊத்திக்க வேணாமா? நீயும் போயி ஊத்திக்கினு வா. அப்புறம் வேலையப் பாக்கலாம்."

தினேஷும் போய் ஊற்றிக்கொண்டு வந்தார். அன்று மாலைவரை, நனையாமல் இருக்க, விசைப்பலகையின்மேல் ஒரு துண்டு விரித்துக் கிடந்தது.

அந்த ஆண்டு, சித்தேரி மலையில் சாமை விளைவிக்கும் காளியம்மாள் அக்கா, உமி நீக்கும் இயந்திரம் ஒன்று கேட்டிருந்தார். தானியம் கொட்டும் வாயை வட்டமாக வரைந்து காரிமங்கலத்தில் உள்ள பட்டறைக்கு அனுப்பியிருந்தோம். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க, காளியம்மாள் அக்கா மலையிறங்கிப் பாப்பிரெட்டிப்பட்டி வந்து பேருந்து பிடித்து எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்த நாளில், பட்டறைக்காரர் தொலைபேசியில் அழைத்தார்.

"தகட்ட உருட்டற மெஷினு படுத்துடுச்சுங்க. மடிக்கத்தான் முடியும். சதுரமாப் போட்டு அனுப்புங்க. சாயங்காலத்துக்குள்ள வரலீன்னா வேற வேலைய ஏத்திடுவேன். அப்புறம் அறுப்பு முடிஞ்சுதான்."

காளியம்மாள் அக்கா தன் வலது மணிக்கட்டை மேசைமேல் வைத்தார். அது வீங்கியிருந்தது. "போன வருசம் சாமை குத்துன கை இன்னும் மடங்கலீங்க. இந்த வருசமும் குத்துன்னா, சாமைய மாட்டுக்குப் போட்டுட்டு நானும் அதுங்கூட நிக்க வேண்டியதுதான்."

"வட்டத்த அழிச்சுட்டுச் சதுரம் போட எவ்ளோ நேரம்யா ஆவும்?" என்றார் முதலாளி.

தினேஷ் ஜன்னல் வழியாகக் குழாயைப் பார்த்தார்.

"வட்டத்துக்கு ஒரே விளிம்புங்க," என்றார் சம்பந்தி. "எல்லா மருமவளும் ஒரே மாமியார அண்டியிருந்தாங்க. சதுரத்துல மாமியாரு நாலு பேரு. எவ யாருக்குச் சோறு போடுவா?"

"கொஞ்சம் நல்ல மாமியாராப் பாத்துச் சேத்து வுடுங்க," என்றார் காளியம்மாள் அக்கா.

சம்பந்தி திரையில் இருந்த வட்டத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெரியவரே, உங்க மேல ஒரு கொறையும் இல்ல. கொஞ்சம் ஒதுங்கி இருந்துக்கங்க." வட்டத்தை அவர் அழிக்கவில்லை. அதைப் புள்ளிக்கோடாக மாற்றினார். புள்ளிக்கோடு உடலாக உயராது; ஆனால் அதை நம்பியிருப்பவற்றுக்கு ஆதாரமாக உள்ளேயே இருக்கும். பிறகு அதைச் சுற்றிச் சதுரம் வரைந்தார். "வூட்ட வுட்டுப் போவச் சொல்லல. கட்டில்ல படுத்திருக்கட்டும்."

அதன்பின் துளைகள், மடிப்புகள் அனைத்தையும் நிறுத்திவைத்து, ஒவ்வொன்றாக உள்ளே அழைத்து, சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தோடு சேர்த்துவைத்தார். சித்தப்பா வழக்கம்போல் சிவந்தார்.

"சித்தப்பா, மலையிலருந்து ஆளு வந்து காத்துக்கினு இருக்குது. மானத்த வாங்காதீங்க."

காளியம்மாள் அக்கா என் பக்கம் குனிந்தார். "பாப்பா, இவரு யாருகூடப் பேசறாரு?"

"ஒரு துளைகூடங்க."

அவர் சற்று யோசித்தார். "எங்க வூட்டுக்காரரு ஆட்டுகூடப் பேசுவாரு. அது திருப்பிக் கத்தவாச்சும் செய்யும்."

வெயில் இறங்குவதற்குள் வரைபடம் காரிமங்கலம் போய்ச் சேர்ந்தது. உடனே பட்டறைக்காரர் மறுபடியும் அழைத்தார். "ஏனுங்க, சதுர வாய்க்கு மூணு காலா?"

அனைவரும் திரையைப் பார்த்தோம். கால்கள் பழைய வட்டத்தைச் சுற்றி மூன்றாக அமைக்கப்பட்டவை. வட்டம் உள்ளேயே இருந்ததால், அவை மூன்றாகவே நின்றன. சம்பந்தி தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே கால்களை ஒருமுறை எண்ணினார். பிறகு காளியம்மாள் அக்கா பக்கம் திரும்பினார்.

"அக்கா, உங்க வூட்டு வாசல் சமமா இருக்குமா?"

"மலையில எங்கீங்க சமம்? கோழி நின்னாலே சாயும்."

"கேட்டுக்கினீங்களா?" என்றார் தொலைபேசியில். "நாலு காலுன்னா மேடு பள்ளத்துல ஆடும். மூணு காலு எங்க வெச்சாலும் நிக்கும். அப்பிடியே அடிங்க."

இதை அவர் முன்பே யோசித்திருந்தாரா, அப்போதுதான் தோன்றியதா என்று நான் கேட்கவில்லை. தொலைபேசியை வைத்ததும் கீழே போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். அதிலிருந்து ஊகித்துக்கொண்டேன்.

அறுப்புக்கு முன்பே இயந்திரம் மலையேறியது. அடுத்த முறை காளியம்மாள் அக்கா ஒரு பை சாமை அரிசியோடு வந்தார். மணிக்கட்டு வீக்கம் வடிந்திருந்தது. "ஆடலீங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சம்பந்தி இப்போது ஓசூரில் ஒரு பெரிய அலுவலகத்தில் இருக்கிறார். அங்கே கோடுகளுக்கு எண்கள்தான் வைக்க வேண்டுமாம். அவருடைய நாற்காலியில் தினேஷ் உட்காருகிறார். டீக்கடைக்காரர் மட்டும் இன்றுவரை, சம்பந்திக்கான சர்க்கரையில்லாத டீயையும் சேர்த்தே மாடிக்கு அனுப்புகிறார். வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பை முதலாளி என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்.

அந்த டீயை நான்தான் குடிக்கிறேன். சர்க்கரை இல்லாத டீ எனக்குப் பிடிக்காது.