தலைகீழாய் நின்ற வாத்துகள்

ஐந்நூறு சட்டைகளிலும் வாத்துகள் தலைகீழாக நின்றன. துணியை மேல்கீழ் மாற்றி விரித்து வெட்டிவிட்டார் கட்டிங் மாஸ்டர். கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் அது. தைத்து முடித்து மேசையில் அடுக்கும்போதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

முதலாளி ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்தார். "இது யார் செஞ்ச வேலை?"

மாஸ்டர் ஒரு சட்டையை எடுத்துக் கண்ணருகே வைத்து வைத்துப் பார்த்தார். அந்த வாத்தை வரைந்தவளுக்கு அதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. பதினைந்து வருடமாகக் குழந்தைகளின் சட்டைக்கு முயலும் யானையும் வரைந்து பிழைப்பவள். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"நான்தான் சார். டிசைனே அப்படித்தான்."

"ஏம்மா, வாத்து எதுக்குத் தலைகீழா நிக்கணும்?"

"மீன் பிடிக்க முங்குது சார்."

பொய் பாவம்தான். மனதுக்குள் ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

அப்படியானால் தண்ணீர் எங்கே என்றார் முதலாளி. நியாயமான கேள்வி. அன்றே எல்லாச் சட்டைகளிலும் வாத்தின் கழுத்துக்குக் குறுக்கே நீல அலை அச்சடித்தார்கள். பார்த்தவர்கள் ஐயோ பாவம் என்றார்கள். அது உயிரோடுதான் இருக்கிறது என்று காட்ட, மறுநாள் அலகருகே குமிழிகள் சேர்த்தாள். அதன்பின் வாத்து மூழ்கிச் சாகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

மாஸ்டர் அவளைத் தனியே அழைத்தார். "தங்கச்சி, நான் உண்மையைச் சொல்லிடறேன். என்னால உன் பொழப்பு கெட வேணாம்."

"சும்மா இருங்கண்ணே. எனக்கு வேற எடத்துல வேலை கிடைக்கும்."

சொன்னாளே தவிர, அந்த நம்பிக்கை அவளுக்கே இல்லை.

சட்டைகளுக்குச் சொல்லிவைத்திருந்த கடைக்காரம்மா தன் ஐந்து வயது மகளோடு வந்தார். ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர் முகம் சுளித்து, எதுவும் வேண்டாம் என்றார். முதலாளி திரும்பி வரைந்தவளைப் பார்த்தார். நாளை முதல் வரவேண்டாம் என்று அவர் வாயால் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

அதற்குள் சிறுமி ஒரு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். குனிந்து தன் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா கழற்ற வந்ததும், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டுடா கண்ணு. எல்லாம் தலைகீழா இருக்கு பாரு."

"இல்லம்மா, எனக்கு நேராத்தான் இருக்கு. மத்த சட்டையில எல்லாம் பொம்மை உங்களைத்தான் பாக்கும், இதுதான் என்னைப் பாக்குது."